‘சாப்பிடு’ என்று சொல்லுமுன்...



நம் செட்டிநாட்டுச் சீமையில் ஒருவரை வாயிலில் கண்டவுடன் கேட்கும் முதற் கேள்வி, “சாப்பிட்டாயிற்றா?” என்பதே. இல்லை என்றால் இலை போடுவோம். ஆம் என்றாலும் விடமாட்டோம். அமர்ந்தவர் இலையின் மேல் கையை வைத்து மறித்தாலும், அக்கையை விலக்கி இன்னுமொரு கரண்டி ஊற்றினால்தான் நமக்கு நிறைவு. இப்பண்பு இம்மண்ணின் பெருமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதே அன்பு, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வந்து படுத்திருக்கும் ஒருவரது கட்டிலருகே போய் நிற்கும்போது, தன்னையறியாமலே அவரை வருத்திவிடுகின்றது. இவ்வுண்மையை நாம் நூல்களில் படித்து அறியவில்லை. நாமே செய்த பிழையினால் அறிந்துகொண்டோம்.

நாச்சியாபுரத்தில் நமக்கு நன்கு அறிமுகமான குடும்பம் ஒன்றுண்டு. அவ்வீட்டுத் தலைவிக்கு மார்பகப் புற்றுநோய் எனக் கண்டு, மதுரையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். பிறகு 21 நாள்களுக்கு ஒருமுறை என ஆறு தடவை மருந்து ஏற்றவேண்டும் என்றார்கள். முதல் மருந்து ஏற்றி வந்த மறுநாள், நாம் நற்கருணை எடுத்துக்கொண்டு அவ்வீட்டுக்குச் சென்றோம். அவருடைய அக்காள் பக்கத்து ஊரிலிருந்து எவர்சில்வர் தூக்கில் நாட்டுக்கோழிக் குழம்பு கொண்டுவந்திருந்தார். சிறு வயது முதலே தங்கைக்கு அந்தக் குழம்பென்றால் உயிர். தூக்கின் மூடியைத் திறந்ததும் அந்த அம்மையார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“பாருங்கள் சாமி, விடியற்காலையில் எழுந்து ஆக்கிக்கொண்டு வந்தேன். தொடக்கூட மாட்டேன் என்கிறாள். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்று அக்காள் கண்கலங்கினார்.

நாமும் சொன்னோம். “உடம்பில் வலுவிருந்தால்தானே அம்மா மருந்தைத் தாங்கமுடியும்? ஆண்டவர் பெயரால் இரண்டு வாய் சாப்பிடுங்கள்” என்றோம். சாமியாரின் சொல்லைத் தட்டலாகாது என்று அவர் எழுந்து உட்கார்ந்து இரண்டு வாய் உண்டார். கால்மணி நேரத்துக்குள் அவ்வளவும் வெளியே வந்துவிட்டது. அதன்பின் நிமிரவும் இயலாமல் படுத்துவிட்டார். அன்று அவரால் நற்கருணை வாங்க முடியவில்லை. “மன்னித்துக்கொள்ளுங்கள் சாமி” என்றார் அவர். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவர் நாம்.

அவ்வாரமே, “இனி நான் மதுரைக்கு வரமாட்டேன். வருவது வரட்டும்” என்று அவர் தம் கணவரிடம் உறுதியாகச் சொல்லிவிட்டார் எனக் கேள்வியுற்றோம். நோய்க்கு அஞ்சாதவர் குமட்டலுக்கு அஞ்சிவிட்டார். எஞ்சியிருந்த ஐந்து மருந்துகளும் அவருடைய உயிரைக் காப்பதற்காகக் குறிக்கப்பட்டவை. ஆகவே உணவைப் பற்றிய இச்சிறு காரியம் சிறு காரியமன்று என்பது நமக்கு விளங்கிற்று.

நெடுங்காலம் மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றிய கன்னியர் ஒருவரிடம் சென்று நடந்ததைக் கூறினோம். அவர் சற்றே சிரித்துவிட்டு, “சாமி, வயிறு வேண்டாம் என்று சொன்னதை, மனம் வேண்டாம் என்று சொன்னதாக எல்லோரும் எடுத்துக்கொண்டீர்கள். அதுதான் தவறு” என்றார். அவரிடமும், பின்னர் மருத்துவர்களிடமும் கேட்டறிந்தவற்றையே இம்மாதம் உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலாவது, இக்குமட்டல் எங்கிருந்து வருகின்றது என்று அறிவோம். புற்றுநோய் மருந்துகள் வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குகின்றன. குடலின் உட்புறத் தோலும் அவ்வாறு வேகமாகப் புதுப்பிக்கப்படுவதே. மருந்து அங்கே படும்போது ‘செரோட்டோனின்’ என்னும் பொருள் குடலிலிருந்து வெளிப்பட்டு, நரம்புகளின் வழியாக மூளையின் அடிப்பகுதியிலுள்ள வாந்தி மையத்தைத் தூண்டுகின்றது. இரத்தத்தில் கலந்த மருந்தை மூளையும் நேரே உணர்ந்துகொள்கின்றது. நஞ்சை உண்டுவிட்டோம் என்று எண்ணி, அதை வெளியேற்ற உடல் முயல்கின்றது. எனவே இது மனத்தளர்ச்சியுமன்று, பிடிவாதமுமன்று. “கொஞ்சம் மனத்தைத் திடப்படுத்திக்கொள்” என்று சொல்வதால் இது நிற்காது.

இரண்டாவது, இதற்கு நல்ல மருந்துகள் உண்டு. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, மருத்துவராகத் தேர்ந்து, சட்டமன்றத்திலும் இடம்பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நம் பகுதியினர் நன்கறிவர். 1923-இல் அவர் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரம் அவருள்ளத்தில் விதையாக விழுந்து, 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையாக முளைத்தது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் அங்கு வந்து சேர்ந்து 2021-இல் மறையும்வரை அதற்கே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். அந்நாள்களில் நோய்க்கு மருந்து கிடைத்தபோதும் குமட்டலுக்குத் தக்க மருந்து கிடைக்கவில்லை. 1978-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘சிஸ்பிளாட்டின்’ என்னும் மருந்து பல நோய்களுக்கு வரப்பிரசாதமாக வந்தது. ஆனால் அதை ஏற்றிக்கொண்டவர்கள் பட்ட வாந்தியின் கொடுமைக்கு அஞ்சிப் பாதியிலேயே விலகியவர்களும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ‘ஒண்டான்செட்ரான்’ என்னும் மாத்திரை வந்தபின் நிலைமை பெரிதும் மாறிற்று. அதன் பிறகு வேறு நல்ல மருந்துகளும் சேர்ந்துள்ளன.

ஆனால் நம் மக்கள் இங்கே ஒரு தவறு செய்கின்றனர். “வாந்தி வந்தால் போட்டுக்கொள்ளலாம்” என்று மாத்திரையை முந்தானையில் முடிந்துவைத்து விடுகின்றனர். வெள்ளம் வந்தபின் அணை கட்டுவது போன்றது இது. மருந்து ஏற்றிய அன்று மட்டுமன்றி, இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரையிலுங்கூடக் குமட்டல் வரக்கூடும். ஆகையால் மருத்துவர் குறித்த நாள்கள்வரை, குறித்த வேளையில், குமட்டல் இல்லாவிடினும் மாத்திரையைப் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கும் அடங்கவில்லை என்றால், “இது இப்படித்தான் இருக்கும்” என்று பொறுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் கூறவேண்டும். வேறு மருந்து மாற்றித் தர அவரால் இயலும். நம் அம்மையார் தமக்கு வந்த வாந்தியை முதல் தடவை மருத்துவரிடம் சொல்லவேயில்லை. “பெரிய டாக்டரிடம் இதையெல்லாம் சொல்லலாமா?” என்று கூசியிருக்கின்றார். கூசவேண்டா, சொல்லுங்கள். இம்மாத்திரைகளுள் சில மலச்சிக்கலை உண்டாக்கும். மலச்சிக்கல் குமட்டலை மிகுவிக்கும். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மருந்துக்குத் துணையாக நிற்பது உணவு. மருந்தின் இடத்தை உணவு பிடிக்காது. ஆனால் உணவு தவறினால் மருந்தும் தடுமாறும். இனி அடுப்படிக்கு வருவோம்.

மூன்று வேளைச் சாப்பாடு என்னும் வழக்கத்தை இந்நாள்களில் ஒதுக்கிவைக்க வேண்டும். நிறைந்த வயிறும் குமட்டும், வெறும் வயிறும் குமட்டும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கொரு முறை, ஒரு சிறு கிண்ணம் அளவு கொடுத்தால் போதும். ஒரு நாளில் ஆறு தடவை அரைக் கிண்ணம் உண்பவர், ஒரே தடவை ஒரு தட்டுச் சோற்றை உண்டு வாந்தியெடுப்பவரைவிட நன்றாகச் சாப்பிட்டவராவார். பெரிய தட்டில் குவித்து எதிரே வைக்காதீர்கள். பார்த்த மாத்திரத்திலேயே வயிறு மூடிக்கொள்ளும். சிறு கிண்ணத்தில் சிறிதளவு வையுங்கள். அதை முடித்தவர் வெற்றி பெற்றதாக உணர்வார்.

காலையில் கண்விழித்ததும் எழுமுன்னரே உலர்ந்த பண்டம் எதையேனும் சிறிது மெல்லுவது நல்லது. நம் வீடுகளில் பொரி இருக்கும். ரஸ்க், உப்பு பிஸ்கட் முதலியவை கடையில் கிடைக்கும். ஒரு பிடி பொரியை மென்று சற்றுப் பொறுத்து எழுந்தால் காலைக் குமட்டல் பலருக்குத் தணிகின்றது.

பிறகு இட்டலி, இடியாப்பம், குழைந்த சோறும் மோரும், பாசிப்பருப்புக் கஞ்சி, அரிசிக் கஞ்சி, வேகவைத்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம் ஆகியவை வயிற்றுக்கு இதமானவை. எண்ணெயில் பொரித்தவை, நெய் மிகுந்தவை, காரமும் மசாலாவும் தூக்கலானவை ஆகியவை இரைப்பையில் நெடுநேரம் தங்கியோ எரிச்சலூட்டியோ துன்பம் செய்யும். நம் செட்டிநாட்டுச் சமையலின் புகழே மிளகு, சோம்பு, பட்டை, கிராம்பு ஆகியவற்றின் மணத்தில்தான் இருக்கின்றது. அந்தப் புகழ் சில வாரங்கள் காத்திருக்கட்டும்.

மணத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். குமட்டலின் முதல் வாயில் மூக்கே. வீட்டிலுள்ளோருக்குப் பசியைத் தூண்டும் தாளிப்பின் மணம் நோயாளிக்குப் பகையாகின்றது. பெரிய வளவு வீடுகளில் அடுப்படி கடைசிக் கட்டில் இருக்கும். நோயாளி முன்கட்டில் படுத்திருப்பார். ஆனால் நம் பங்கு மக்களில் பெரும்பாலோர் வீட்டில் அடுப்புக்கும் கட்டிலுக்கும் இடையே நான்கு முழ தூரமே உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் தாளிக்கும்போதும் வறுக்கும்போதும் நோயாளியைத் திண்ணையில் காற்றாட அமரச் செய்யலாம். பாத்திரங்களை மூடிவைத்துச் சமைக்கலாம். சூடான உணவு மணத்தை வீசும். ஆறிய உணவு அவ்வளவு வீசாது. எனவே ஆறவைத்துக் கொடுப்பதே நன்று. “ஆறிப்போனதைக் கொடுத்தால் சளி பிடிக்குமே” என்று பாட்டிமார் அஞ்சுவர். ஆறிய சோற்றினால் சளி பிடிப்பதில்லை. ஆனால் ஆறவைத்தது வேறு, நெடுநேரம் கிடந்தது வேறு. அன்று ஆக்கி ஆறியதும் அப்போதே உண்ணத்தக்கது. மணிக்கணக்கில் திறந்து கிடந்தது உண்ணத்தகாதது.

இவ்விடத்தில் பழைய சோற்றைப் பற்றியும் நீராகாரத்தைப் பற்றியும் கூறவேண்டும். வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று நாம் போற்றுவது அது. ஆனால் மருந்து ஏற்றியபின், பெரும்பாலும் 7-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள்வரை, இரத்தத்தின் வெள்ளையணுக்கள் குறைந்து, கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் தாழ்ந்திருக்கும். அந்நாள்களில் இரவெல்லாம் ஊறிய சோறு, திறந்துவைத்த சட்டினி, கடைவீதியில் வெட்டிவைத்த பழம், அரைவேக்காட்டு முட்டை ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும். அன்றாக்கிய கஞ்சி, கொதிக்கவைத்து ஆறிய நீர், நன்றாக வெந்த முட்டை, நாமே கழுவித் தோலுரித்த பழம் ஆகியவை பாதுகாப்பானவை.

நீரை உணவோடு சேர்த்து நிறையக் குடித்தால் வயிறு உப்பிக் குமட்டும். உண்பதற்கு அரை மணி முன்போ உண்டு அரை மணி கழித்தோ, மடக்கு மடக்காகக் குடிக்கவேண்டும். மோர், வடித்த கஞ்சி, எலுமிச்சைச் சாறு, இளநீர் ஆகிய யாவும் நல்லனவே. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இளநீரை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு குடிக்கவேண்டும். வாந்தி மிகுந்தால், மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுங்கள். அது கிடைக்காவிடில், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்குங்கள். ஒரேயடியாகத் தம்ளரை நீட்டாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒரு கரண்டி வீதம் கொடுங்கள். உண்டபின் ஒரு மணி நேரமாவது படுக்காமல் சாய்ந்து உட்கார்ந்திருப்பது நலம்.

நாவில் இரும்பின் சுவை தட்டுகிறது என்று பலர் கூறுவர். அவர்களுக்கு எவர்சில்வர் கரண்டியை மாற்றி, மரக் கரண்டியோ பிளாஸ்டிக் கரண்டியோ கொடுத்துப் பாருங்கள். உண்ணுமுன் வாயைக் கொப்பளிப்பதும் உதவும்; 1 லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி ஆப்பச்சோடாவும் சேர்த்தால் போதும். வாயில் புண் இல்லாவிடில், ஒரு சிறு துண்டு உப்பு நார்த்தங்காயோ எலுமிச்சையோ நாவைத் திருத்தும்; புண் இருந்தால் புளிப்பு ஆகாது. இஞ்சியைத் தட்டிப் போட்ட தேநீர் சிலருக்கு இதமளிக்கின்றது; எல்லோருக்கும் அன்று. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களும், இரத்தத்தட்டுகள் குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இஞ்சியை மிகுதியாகச் சேர்க்கலாகாது.

குமட்டல் விலகும் நல்ல நாள்களும் உண்டு. அடுத்த மருந்துக்கு முந்திய வாரம் பெரும்பாலும் அத்தகையது. இழந்த வலுவை அந்நாள்களில் மீட்கவேண்டும். முட்டை, மீன், பருப்பு, பால், வேர்க்கடலை, நம்மூர் மாவுருண்டை, கும்மாயம் போன்றவற்றை அப்போது ஆசையோடு கொடுங்கள். வாரமொருமுறை எடை பார்த்துக் குறித்துவையுங்கள். மருத்துவருக்கு அது பேருதவியாகும்.

இனி, நாட்டுக்கோழிக் குழம்பின் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்னும் ஆய்வாளர் 1978-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றப்படவிருந்த சிறுவர்களுக்கு, அதற்குச் சற்று முன்னர், அவர்கள் அறியாத சுவையுடைய ஐஸ்கிரீமைக் கொடுத்தார். சில வாரங்களுக்குப் பின் அதே ஐஸ்கிரீம் வேண்டுமா என்று கேட்டபோது, அவர்களுள் பலர் அதை வேண்டாம் என்றனர். அவ்வாறு கொடுக்கப்படாத சிறுவர்களோ அதை விரும்பி ஏற்றனர். மருந்தினால் வந்த குமட்டலை, அதற்குமுன் உண்ட உணவின் மேல் மூளை ஏற்றிவிடுகின்றது. குற்றம் மருந்தினுடையது, தண்டனை உணவுக்கு. குமட்டும் நாள்களில் நாம் எதை ஊட்டுகின்றோமோ, அதையே நோயாளி பிற்காலத்தில் வெறுக்கக்கூடும். ஆகையால் அவருக்கு உயிரான உணவை மருந்து நாளிலும் அதையடுத்த நாள்களிலும் சமைக்காதீர்கள். அதை நல்ல நாளுக்கென்று காத்துவையுங்கள்.

அதே பெர்ன்ஸ்டைன், மற்றோர் ஆய்வாளருடன் சேர்ந்து, 1987-இல் இதற்கு ஓர் உபாயமும் கண்டார். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் இடையே, அழுத்தமான சுவையுள்ள மிட்டாய் ஒன்றைச் சிறுவர்களுக்குக் கொடுத்தார். வெறுப்பின் பெரும்பகுதி அந்த மிட்டாயின் மேல் விழுந்தது. அன்றாடச் சாப்பாடு தப்பிற்று. பழைய ஏற்பாட்டிலே மக்களின் பாவங்களைச் சுமந்துகொண்டு பாலைநிலத்துக்குத் துரத்தப்பட்ட ஆட்டைப் போல, அந்த மிட்டாய் பழியைச் சுமந்து சென்றது. நம்மூர்ப் பெட்டிக்கடை ஆரஞ்சு மிட்டாய் இவ்வேலைக்குப் போதாதா?

பழி உணவின் மேல் மட்டும் விழுவதில்லை. இடத்தின் மேலும் விழும். நம் அம்மையாருக்குப் பேருந்து திருப்பத்தூர், மேலூர் கடந்து மாட்டுத்தாவணியை நெருங்கும்போதே, மருந்து ஏற்றுமுன்னரே, குமட்டத் தொடங்கிற்று. கணவர் முதலில் இதைப் பாசாங்கு என்று எண்ணிவிட்டாராம். பாசாங்கன்று, இதுவும் மூளை கற்றுக்கொண்ட பாடமே. இதையும் மருத்துவரிடம் கூறினால், முன்னதாகவே மாத்திரை தருவார். பயணத்தன்று எண்ணெயில்லாத சிற்றுணவு, சன்னலோர இருக்கை, கையில் ஓர் எலுமிச்சம்பழம், மெல்ல மூச்சிழுத்துவிடுதல், நாவில் ஒரு செபம், இவை யாவும் உதவும்.

நம் குடும்பங்களில் நிலவும் மற்றொரு வழக்கத்தையும் கண்டிக்க வேண்டியவர்களாய் இருக்கின்றோம். பத்தியம் என்று சொல்லி நோயாளியைப் பட்டினி போடுவதும், சர்க்கரையை அறவே நிறுத்தினால் புற்று பட்டுப்போகும் என்று நம்புவதும், முள்சீத்தா இலைக் கஷாயம் குடித்தால் மருத்துவமனையே வேண்டா என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சிகிச்சையைக் கைவிடுவதும் தீராத துயரத்தையே கொணரும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தங்கள் மருத்துவர் கூறிய அளவைக் கடைப்பிடிக்கட்டும். மற்றவர்கள் வீணே அஞ்சவேண்டா. எந்தக் கஷாயத்தையும் மருத்துவருக்குத் தெரியாமல் குடிக்கவேண்டா. சில மூலிகைகள் மருந்தோடு மோதக்கூடும்.

அவ்வாறே, தவக்காலம் என்றும் நேர்த்திக்கடன் என்றும் ஒருசந்தி இருக்கும் நோயாளிகளுக்கு நாம் பங்குக் குருவாகச் சொல்வது இது: திருச்சபை உங்களிடம் நோன்பைக் கேட்கவில்லை. நோன்புக் கடமை 18 வயது நிறைந்தவர் முதல் 60-ஆம் வயது தொடங்கும்வரை உள்ளவர்க்கு உரியது. அவர்களுள்ளும் நோயாளிகளை அது வற்புறுத்துவதில்லை. நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பு உண்ணலாகாது என்னும் ஒழுங்கும் நோயாளிகளையும் முதியோரையும் அவர்களைப் பேணுவோரையும் கட்டுப்படுத்தாது என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் தெளிவாகக் கூறுகின்றது. முழு அப்பத்தை விழுங்க இயலாதவர்க்கு ஒரு சிறு துணுக்கு போதும். அதுவும் இயலாதபோது திரு இரத்தத்தை மட்டும் வழங்கவும் வழியுண்டு. எனவே சாமியார் வருவார் என்று வெறும் வயிற்றோடு காத்திருந்து குமட்டலை வரவழைத்துக்கொள்ளாதீர்கள். கஞ்சியைக் குடித்துவிட்டே காத்திருங்கள்.

எச்சரிக்கையாகச் சிலவற்றைக் கூறிவிடுகின்றோம். ஒரு நாள் முழுதும் நீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றாலோ, சிறுநீர் குறைந்து கருமஞ்சளாக இறங்கினாலோ, எழுந்தால் தலைசுற்றினாலோ, வாந்தியில் இரத்தம் கண்டாலோ, காய்ச்சல் 100.4 பாகையைத் தொட்டாலோ, வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நள்ளிரவாயினும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

எலியா இறைவாக்கினரை எண்ணிப் பார்க்கின்றோம். பாலைநிலத்தில் ஒரு செடியின் அடியிலே சோர்ந்து விழுந்து, சாவே வந்தால் போதும் என்று வேண்டியவர் அவர். வானதூதர் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை; விருந்தும் படைக்கவில்லை. ஓர் அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் தலைமாட்டில் வைத்தார். எலியா சிறிது உண்டு மறுபடியும் படுத்துவிட்டார். தூதர் அவரைத் தூங்கவிட்டார். பிறகு மீண்டும் வந்து தட்டியெழுப்பி, இன்னுமொரு முறை கொடுத்தார். சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு, கோபமின்றிக் கொடுத்த அந்த உணவின் வலுவினால்தான் அவர் 40 நாள் நடந்தார். நம் வீடுகளில் நோயாளியைப் பேணுவோர்க்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

நம் அம்மையாரின் கதையை முடிக்கின்றோம். கணவரும் மருமகளும் மருத்துவரிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார்கள், மாத்திரைகள் மாற்றப்பட்டன. அன்பியத்தைச் சேர்ந்த இரண்டு வீட்டார் முறைவைத்துக்கொண்டு, மருந்து ஏற்றிய முதல் ஐந்து நாள்களும் அவ்வீட்டுக்கான சமையலைத் தங்கள் வீட்டிலேயே ஆக்கி, ஆறவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த ஐந்து நாள்களும் அவ்வீட்டு அடுப்பில் கடுகு வெடிக்கவில்லை. “அத்தை, என்ன வேண்டும்?” என்று மருமகள் கேட்பார். “இரண்டு கரண்டி கஞ்சி” என்று பதில் வந்தால் இரண்டு கரண்டிதான். மூன்றாவது கரண்டி கிடையாது. குமட்டல் முற்றும் ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டோம். நான்காம் மருந்தின்போது மிகவும் வருந்தினார். ஆயினும் ஆறு மருந்தையும் முடித்தார். இன்றும் குறித்த நாளில் பரிசோதனைக்குச் சென்று வருகின்றார்.

அந்தக் குழம்பு மட்டும் அவருக்குத் திரும்பவில்லை. சிகிச்சை முடிந்து பல மாதமாகியும் அதன் மணம் பட்டால் எழுந்து வெளியே போய்விடுகின்றார். அதில் நமக்கும் பங்குண்டு என்பதை நாம் மறக்கவில்லை. சென்ற மாதம் அக்காள் மறுபடியும் வந்திருந்தபோது நாமும் அங்கிருந்தோம். தூக்கு ஏதும் கொண்டுவரவில்லை. வந்ததும் தங்கையின் அருகில் உட்கார்ந்து, “உனக்கு என்ன செய்து தரட்டும்?” என்று கேட்டார். “ஒன்றும் வேண்டாம் அக்கா, கொஞ்சம் மோர் மட்டும்” என்றார் தங்கை. அக்காள் எழுந்து போய் மோர் கலக்கிக்கொண்டு வந்தார். அரைத் தம்ளர்தான் கொண்டுவந்தார்.

அன்பார்ந்தவர்களே, உங்கள் தெருவிலோ உங்கள் அன்பியத்திலோ இத்தகைய நோயாளி ஒருவர் இருக்கக்கூடும். இம்மாதம் அவரைப் பார்க்கப் போகும்போது உணவைத் தூக்கிக்கொண்டு போகுமுன் ஒரு சொல் கேட்டனுப்புங்கள். “இன்று என்ன இறங்கும்? எந்த மணம் ஆகாது? உங்கள் வீட்டுச் சமையலை நாங்கள் ஆக்கித் தரலாமா?” என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வருந்தாமல் சற்று நேரம் உடன் அமர்ந்திருங்கள். அதுவும் உணவூட்டுவதே ஆகும்.

பிணியுற்றோரைத் தொட்டு நலமளித்த ஆண்டவர் உங்கள் இல்லங்களைக் காத்து, பேணுவோரின் கைகளுக்குப் பொறுமையையும் படுத்திருப்போரின் வயிற்றுக்கு அமைதியையும் அருள்வாராக.